துணிக்கை சிறிதா பெரிதா?

செம்மண்ணும் சோறும்

துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த புத்தூர்த் தோட்டங்களில் இன்று அந்த வேலையை மெசின் செய்கிறது. உழைப்புக் குறைந்தது, காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவில் இடியப்பம் என்ற வரிசை மாறவில்லை. செலவாகாத மாச்சத்து இடுப்பிலே கொழுப்பாகவும் குருதியிலே ரைகிளிசரைட்டாகவும் சேர்கிறது. ரைகிளிசரைட் ஏறினால், குருதியில் கொலஸ்ரரோலைச் சுமக்கும் எல்.டி.எல். துணிக்கைகள் தம் கொலஸ்ரரோலைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்கின்றன. பின்பு ஈரலின் நொதியம் அதையும் கரைக்க, சிறுத்து அடர்த்தியாகின்றன. தெற்காசியரிடம் இத்தகைய துணிக்கைகள் கூடுதலாகக் காணப்படுவதும், முதல் மாரடைப்பு முந்தி வருவதும் தெரிந்தவையே. இலங்கையும் பங்கேற்ற இன்ரர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியருக்கு அது சராசரியாக 53 வயதில் வந்தது. பிற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 வயதில். அப்படியானால் துணிக்கையின் பருமனை அளக்கும் பரிசோதனை நமக்கென்றே வந்தது போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை.

வெங்காயமும் பையும்

பருமனின் புகழ் 1988 இல் தொடங்கியது. சிறு துணிக்கை மிகுந்தவர்களிடம் மாரடைப்பு மூன்று மடங்கு கூடுதலாக இருந்ததை ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறியது நாடிச் சுவருக்குள் எளிதாக நுழையும் என்ற விளக்கமும் பொருந்தியே இருந்தது. ஆனால் நூறு கிலோ வெங்காயத்தைச் சின்னப் பைகளில் கட்டினால் பைகளின் தொகை கூடும். அதேபோல், சிறு துணிக்கை உள்ளவரிடம் பெரும்பாலும் துணிக்கைகளும் அதிகம். குற்றவாளி பருமனா, தொகையா? அமெரிக்காவின் மேசா ஆய்வு இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பெரிய துணிக்கைகளும் கழுத்து நாடிச் சுவரின் தடிப்போடு தொடர்புபட்டிருந்தன. பரம்பரையாகக் கொலஸ்ரரோல் மிக உயர்ந்த குடும்பங்கள் இன்னும் வலுவான சான்று: அவர்களின் துணிக்கைகள் பெரும்பாலும் பெரியவை, மாரடைப்போ, சிகிச்சை இல்லாவிட்டால், முப்பது நாற்பது வயதிலேயே வரக்கூடும்.

கொப்பியில் உள்ள கணக்கு

எல்.டி.எல். அளவு நல்லதாக இருந்தும் சிலருக்கு மாரடைப்பு வருகிறதே, அதைப் பருமன்தானே காட்டிக்கொடுக்கும் என்பார்கள். கேள்வி நியாயமானது, விடை கிளினிக் கொப்பியிலேயே இருக்கிறது. மொத்தக் கொலஸ்ரரோல் 200, எச்.டி.எல். 40, ரைகிளிசரைட் 250 என்று வைப்போம். வழமையான சூத்திரப்படி எல்.டி.எல். 110, மனம் ஆறும். மொத்தத்திலிருந்து நல்லதெனப்படும் எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால், எஞ்சும் தீய கொலஸ்ரரோல் முழுவதும் 160, அது ஆறவிடாது. இந்த எண்ணுக்கு மேலதிகக் காசும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் அப்போ பி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை உண்டு. ஒவ்வொரு எல்.டி.எல். துணிக்கையிலும் அந்தப் புரதம் ஒன்றே ஒன்று இருப்பதால் அதை அளப்பது தலை எண்ணுவது போன்றது. 2019 ஐரோப்பிய வழிகாட்டலும் அதற்கு இடம் கொடுக்கிறது.

பருமனையும் அறிந்து வைத்தால் என்ன நட்டம்? பணம் ஒருபுறம் இருக்க, ‘உங்களுடையது பெரிய துணிக்கை’ என்ற தாளை நம்பி ஒருவர் கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசையை நிறுத்திவிடலாம். சிறியது என்று வந்தாலும் வைத்தியர் சொல்லப்போவது அதே குளிசை, அதே நடை, சோற்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டுவதுதான். சிறப்புப் பரிசோதனை ஒன்றுக்குத்தான் காசு உண்டென்றால், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் இன்னொரு துணிக்கையான லிப்போபுரதம் (ஏ) பார்ப்பது மேல். அது பரம்பரையால் தீர்மானமாவது, சாதாரண அறிக்கையில் தெரியாதது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். உயர்ந்திருந்தால் சகோதரர்களும் பிள்ளைகளும் பார்க்க வேண்டும்.