கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கான ஊதியமும் மாநிலச் சட்டங்களும்

கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கான ஊதியம் என்பது, படித்துக்கொண்டே கல்லூரி அணிக்காக ஆடும் மாணவர்களுக்குப் பணம் தரலாமா, தரலாம் எனில் யார், எந்த வடிவில் தருவது என்பது பற்றிய கொள்கைச் சிக்கல் ஆகும். அமெரிக்காவில் 2019 முதல் மாநிலச் சட்டங்கள் இதனை மாற்றியமைத்தன. தமிழ்நாட்டில் இது ஊதியம் என்ற பெயரில் பேசப்படுவதில்லை. உதவித்தொகை, விடுதி, பரிசுத்தொகை, வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு ஆகிய வடிவங்களில் அமைந்துள்ளது.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது பதிவில் விளையாட்டு இடம்பெற்றுள்ளது. கல்வி 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எனவே கல்லூரி விளையாட்டு இவ்விரண்டு பட்டியல்களையும் தொடுகிறது. கேரளம் 2000-ஆம் ஆண்டிலேயே விளையாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. தமிழ்நாட்டில் வீரர்களுக்கான சலுகைகள் பெரும்பாலும் அரசாணைகள் மூலமும், 1992-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் திட்டங்கள் மூலமும் வழங்கப்படுகின்றன. சட்டத்தை மாற்றச் சட்டமன்றம் கூட வேண்டும். அரசாணையை மற்றோர் அரசாணையால் மாற்றிவிடலாம். உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தமிழ்நாட்டில் உள்ள நடைமுறை

தமிழ்நாட்டுக் கல்லூரி வீரர் ஒருவருக்குப் பல வழிகளில் ஆதரவு கிடைக்கலாம்.

சேர்க்கை: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தனியார் கல்லூரிகள் பல, தம் அணிக்காக ஆடுவோருக்குக் கல்விக் கட்டணம், உணவு, விடுதி ஆகியவற்றில் சலுகை தருகின்றன.

பரிசுத்தொகை: முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள், அரசு ஊழியர் எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. வென்றவர்களுக்கு ரொக்கப் பரிசு வழங்கப்படுகிறது.

மாத உதவி: ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரர்களுக்குக் கைச்செலவுக்காக மாதம் 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இத்தொகை தேர்வு செய்யப்பட்ட சிலருக்கு மட்டுமே உரியது.

வேலை: அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு.

சேர்வராயன் மலையும் சேலமும்

ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலை சேலம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. இப்பகுதிக் கல்லூரிகள் 1997-இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் இறங்கிச் சேலத்தில் பயிற்சி பெறும் மாணவருக்குப் பேருந்துக் கட்டணம், சத்துணவு, காலணி, காயத்துக்கான சிகிச்சை ஆகியவையே முதல் செலவுகள். கட்டணச் சலுகை மட்டும் இவற்றை ஈடுசெய்வதில்லை.

இம்மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் ஊனமுற்ற இவர், காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்து, சேலத்தில் வணிக மேலாண்மை படித்தார். செய்தித்தாள் விநியோகம், கட்டட வேலை ஆகியவற்றையும் செய்து குடும்பத்துக்கு உதவினார். 2016-இல் ரியோ இணை ஒலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அதன்பின் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. அப்போது அவரது கல்லூரிப் படிப்பு முடிந்திருந்தது. பதக்கம் வென்ற பின் பெரும் தொகை வருவதும், பதக்கத்துக்கு முந்தைய கல்லூரி ஆண்டுகளில் வருமானம் இல்லாதிருப்பதும் இம்முறையின் முதன்மைக் குறை.

அமெரிக்க மாநிலச் சட்டங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், மாணவர் ஊதியம் பெறாத வீரராகவே இருக்க வேண்டும் என்ற விதியைப் பல பத்தாண்டுகள் காத்துவந்தது. தொலைக்காட்சி உரிமம் மூலம் வந்த பெரும் வருவாய் கல்லூரிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் சென்றது. 2019 செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் கையொப்பமிட்ட சட்டம், வீரர்கள் தம் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெறுவதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்றது. கல்லூரியே ஊதியம் தர வேண்டும் என்று அது கூறவில்லை. தடையை நீக்கியது மட்டுமே அதன் பணி.

ஒரு மாநிலத்தில் மட்டும் வீரர் சம்பாதிக்கலாம் என்றால் திறமையானவர்கள் அங்கேயே சேர்வர். இந்த அச்சத்தால் புளோரிடா உள்ளிட்ட பிற மாநிலங்களும் சட்டம் இயற்றின. 2021 சூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த பயன்களுக்கு என்சிஏஏ விதித்த வரம்புகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2021 சூலை 1 முதல் என்சிஏஏ தன் தடையைத் தளர்த்தியது. 2025 சூன் மாதம் ஏற்கப்பட்ட ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, கல்லூரிகளே தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.

இதன் பயன் அனைவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு செல்வதால், வருவாய் ஈட்டாத விளையாட்டுகளும் பெண்கள் அணிகளும் பின்தங்கும் என்ற கவலை உள்ளது. வெளிநாட்டு மாணவர்களின் நுழைவுரிமை வேலை செய்வதைக் கட்டுப்படுத்துவதால், இந்திய மாணவர்கள் இப்புதிய வருவாயைப் பெறுவது கடினம். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 ஆண்டுகளில் என்சிஏஏ உயரம் தாண்டுதல் பட்டம் வென்ற தேஜஸ்வின் சங்கர் போன்றோரை அங்கே ஈர்ப்பது, பெரும்பாலும் கல்வி உதவித்தொகையும் பயிற்சி வசதியுமே.

தமிழ்நாட்டுக்குப் பொருந்துமா?

அமெரிக்கச் சட்டங்களை அப்படியே இங்கே கொண்டுவருவதால் பெரும் பயன் விளையாது. அங்கே சட்டம் நீக்கியது விளம்பர வருவாய்க்கான தடையை. இங்கே பரிசுத்தொகை பெறுவதே கல்லூரி விளையாட்டின் இயல்பான பகுதி. மேலும், தமிழ்நாட்டுக் கல்லூரிப் போட்டிகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளும் அளவு ஒளிபரப்பு வருவாய் இல்லை.

இங்கே ஒரு மாநிலச் சட்டம் மாற்றக்கூடியவை வேறு: பல்கலைக்கழக அணிக்கு ஆடும் ஒவ்வொருவருக்கும் மாத உதவித்தொகை, காயத்துக்கான காப்பீடு, போட்டியால் தவறிய தேர்வை மீண்டும் எழுதும் உரிமை, காயமுற்றாலும் கட்டணச் சலுகை தொடரும் என்ற உறுதி. இவை சட்டமானால், உதவி பதக்கத்தைச் சார்ந்திராமல் பங்கேற்பைச் சார்ந்து அமையும். அதற்கான செலவை அரசும் கல்லூரிகளும் எவ்வாறு பகிர்வது என்பதே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. முழுச் சுமையும் கல்லூரிகள் மீது விழுந்தால், சிறிய கல்லூரிகள் தம் அணிகளைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.