காசு கட்டுறம், கேக்கிறம் இல்லை

1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ பாடும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. கொழும்பு வானொலி ஒன்று சொல்லும், புலிகளின் குரல் இன்னொன்று சொல்லும். "பிபிசி என்னவாம்?" என்று கேட்டபிறகுதான் பெரியாக்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள்.

1941 மே மாதம் தொடங்கிய அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. இணையத்தில் பிபிசி தமிழ் இருக்கிறது. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் காது கொடுத்த அந்த அரை மணித்தியாலம் போய்விட்டது. அந்த இடத்தை வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் யூடியூப் ஆய்வாளர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் வாழும் சுவிற்சர்லாந்துக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது என்பது எங்களில் கனபேருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போரில், வெளிநாட்டு வானொலி கேட்பதை ஹிட்லரின் ஜேர்மனி தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்படியிருந்தும் அங்கே சனம் ஒளித்திருந்து கேட்ட நிலையங்களில் ஒன்று சுவிஸின் பெரோமுன்ஸ்டர். சூரிச் ஈ.டி.எச் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஃபொன் சாலிஸ், 1940 முதல் வெள்ளிக்கிழமைகளில் உலக நிலவரத்தை ஆரவாரமில்லாமல் அலசினார். எங்களுக்குத் தமிழோசை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

போர் முடிந்த 1945 செப்டெம்பரில் அதே வானொலியில் தொடங்கியதுதான் 'எக்கோ டெர் சைட்'. எண்பது வருடம் தாண்டியும் ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்குப் போகிறது. காஸா, உக்ரைன், வாஷிங்டன், பேர்ண் எல்லாம் வரும். தலைப்பைச் சொல்லிவிட்டு ஓடாது. ஏன் நடந்தது, யாருக்கு என்ன லாபம் என்று நிதானமாக விளக்கும். சுவிஸ் பேச்சுவழக்கில் இல்லாமல் எழுத்து ஜேர்மனில் போவதால், வகுப்புக்குப் போய் ஜேர்மன் படித்த என்னைப் போன்றவர்களுக்கும் பிடிபடும். ஆறு மணிக்கு வேலையில் நிற்பவர்கள் பிறகு பொட்காஸ்டில் கேட்கலாம்.

ஒரு வீட்டுக்கு வருடம் 335 பிராங்க் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம். எங்கட வீடுகளும்தான் கட்டுகின்றன. 2018 மார்ச்சில் இந்தக் கட்டணத்தையே ஒழிப்பதா என்று வாக்கெடுப்பு வந்தபோது, 71 வீதத்துக்கு மேலான மக்கள் வேண்டாம் என்றார்கள். காசு மிச்சம் பிடிப்பதைவிட நம்பக்கூடிய செய்தி முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்களோ காசைக் கட்டிவிட்டுக் கேட்காமல் இருக்கிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கு விசயம் இல்லை. சிவப்புப் பாஸ்போட் எடுத்த தமிழருக்கு வருடத்தில் வழக்கமாக நாலு தடவை வாக்குச்சீட்டு வீட்டுக்கு வருகிறது. ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி, வெளிநாட்டவர் சட்டம் எல்லாம் அதில் வரும். முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்ற அப்பா அம்மாவுக்கு அந்தக் கேள்வியை யார் விளங்கப்படுத்துவது? சுவிஸின் பொது ஒலிபரப்பு நிறுவனம் நடத்தும் சுவிஸ்இன்ஃபோ பத்து மொழிகளில் எழுதுகிறது. அதில் தமிழ் இல்லை.

ஆகவே வேலை இரண்டாம் தலைமுறையிடம்தான் வருகிறது. தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஜேர்மன் பால் குடிச்ச மாதிரி. எக்கோவில் ஒரு செய்தியைக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டில் அதைத் தமிழில் அம்மா அப்பாவுக்குச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வந்ததை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் கேட்டதை நீங்கள் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இருட்டில் பெடல் சுத்தி அதைப் பழகிய ஆட்கள் அவர்கள்.