சட்டம் வரைந்த கை: றொபேட் மோசெஸின் அரச பணியும் அதிகாரமும்

அமைச்சர் தீர்மானிப்பவர், உத்தியோகத்தர் நிறைவேற்றுபவர் என்று அரசறிவியல் பாடநூல்கள் வகுத்துக் கூறும். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உளர். ஆட்சித் தலைவரின் அருகிருந்து ஆலோசனை கூறி, அவர் கையொப்பமிடும் சட்டங்களை வரைந்து கொடுப்பவர் அவர். அத்தகையவரின் அதிகாரம் எவ்வாறு வளர்கிறது என்பதை, அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றிய றொபேட் மோசெஸின் (1888-1981) வரலாற்றைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

மோசெஸ் சீர்திருத்தவாதியாகவே பொதுவாழ்வினுட் புகுந்தார். பிரித்தானியாவின் குடியியற் சேவையை ஆராய்ந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், நியூ யோர்க் மாநகர முதல்வர் மிச்சலின் ஆட்சியில், உத்தியோகங்களைத் தகுதியடிப்படையில் வழங்குவதற்கான திட்டமொன்றை வகுத்தார். பதவிகளைத் தம்மவர்க்குப் பங்கிட்டு வந்த 'டமனி ஹோல்' கட்சியமைப்பினர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1917 ஆம் ஆண்டுத் தேர்தலில் மிச்சல் தோற்றார், திட்டமும் கைவிடப்பட்டது. அதிகாரத்தின் துணையின்றி இலட்சியம் நிறைவேறாது என்பதே மோசெஸ் இதிற் கற்ற பாடமாகும்.

1919 இல் ஆளுநரான அல் சிமித்தின் நெருங்கிய ஆலோசகர் பெல் மொஸ்கொவிட்ஸ் அம்மையார், மாநில நிருவாகத்தைச் சீரமைக்கும் பணியில் மோசெஸை ஈடுபடுத்தினார். விரைவில் அவர் சிமித்தின் அந்தரங்க உதவியாளராகவும் சட்டமூலம் வரைவதில் நிகரற்றவராகவும் விளங்கினார். 1924 இல் லோங் ஐலன்ட் மாநிலப் பூங்கா ஆணைக்குழுவை அமைத்த சட்டத்தை அவரே வரைந்தார். அதன் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். அக்காலத்தில் ஆளுநரின் பதவிக்காலம் 2 ஆண்டுகள். ஆணையாளரின் பதவிக்காலமோ 6 ஆண்டுகள். நிலத்தைக் கையகப்படுத்தும் விரிந்த அதிகாரம், பழைய சட்டமொன்றின் சொல் வழியாக எவர் கண்ணிலும் படாமல் அதனுட் புகுந்திருந்தது.

இவ்வதிகாரத்தால் நன்மை விளையவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. 1929 இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் கடற்கரை, நகர மக்களுக்குக் கிடைத்த அரும்பேறு. ஆயினும், செல்வரின் பண்ணைகளைச் சுற்றி வளைந்து சென்ற பெருந்தெரு சிறு விவசாயிகளின் நிலங்களை ஊடறுத்ததை, றொபேட் காரோ 1974 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு எடுத்துக்காட்டுகிறது.

1934 இல் மோசெஸ் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு 8 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்றார். மக்களால் அவர் ஒருபோதும் தெரிவுசெய்யப்பட்டதில்லை. எனினும் அவரது செல்வாக்கு அதன் பின்னரே உச்சமடைந்தது. அதற்குக் கருவியானது, 1936 இற் பாலத்தைத் திறந்த டிரைபறோ பால அதிகாரசபை. கடனைத் தீர்த்ததும் கலைந்துவிட வேண்டிய அமைப்பு அது. பழைய கடனுக்குப் பதிலாகப் புதிய பிணைமுறிகளை வெளியிட இடமளிக்கும் திருத்தத்தைச் சட்டத்திற் சேர்த்ததன் மூலம், மோசெஸ் அதனை நிலைபேறுடையதாக்கினார். பிணைமுறி ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தக் கடப்பாட்டை நலிவிக்கும் சட்டத்தை மாநிலங்கள் இயற்றுவதை அமெரிக்க அரசியலமைப்பு தடைசெய்கிறது. ஆகவே மக்கள் செலுத்திய பாலக் கட்டணம், மக்கள் பிரதிநிதிகள் எளிதில் தீண்டவியலாத நிதியாயிற்று. வங்கியாளரும் ஒப்பந்தகாரரும் அந்நிதியின் இயல்பான காவலராயினர்.

இதன் விலையைச் செலுத்தியோர் யாவர்? 1950களில், புறொங்ஸ் பகுதியை ஊடறுத்த விரைவுப் பெருந்தெருவுக்காக, ஈஸ்ட் திறெமொன்டில் ஒரு மைல் தூரத்துக்குள் மட்டும் 1,500 க்கு மேற்பட்ட குடியிருப்புகள் அகற்றப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோர் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்தினர். அருகிலேயே அமையக்கூடிய மாற்றுப் பாதையைச் சுட்டி அவர்கள் முறையிட்டனர், பயனில்லை. தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய ஒருவர் அம்முடிவின் பின்னால் இருக்கவில்லை.

1968 இல் ஆளுநர் நெல்சன் றொக்கஃபெலர் டிரைபறோவை மாநிலப் போக்குவரத்து அதிகாரசபையுடன் இணைத்தபோதே மோசெஸின் ஆட்சி முடிவுற்றது. பிணைமுறியாளரின் பொறுப்பாளராக நின்று வழக்காடிய சேஸ் மன்ஹற்றன் வங்கியின் தலைவர் ஆளுநரின் சகோதரர். வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அரை நூற்றாண்டு அதிகாரத்தை முடித்துவைத்ததும் வாக்குச்சீட்டன்று.

மோசெஸ் தம் பதவியால் பெரும் பொருளீட்டியவரல்லர். ஆதலின் இதனைத் தனிமனித ஒழுக்கத்தின் வீழ்ச்சியாக மட்டும் விளக்கிவிட முடியாது. திறமையும் நேர்மையுங்கூட, மக்களுக்குப் பொறுப்புக்கூறும் அமைப்புக்கு ஈடாகா என்பதே நாம் இங்கு காணும் முடிவு. புதிய அதிகாரசபையொன்று நிறுவப்படும்போது அதன் நோக்கவுரையோடு நாம் நின்றுவிடலாகாது. பதவிக்காலம், நிதி, கலைப்பு ஆகியவை பற்றிய பிரிவுகளையும் படித்தல் வேண்டும். அதிகாரம் உறைவது அங்கேதான்.