வாந்திபேதியா? முதலில் தண்ணீர் கொடுங்க!

"டாக்டர், காலையிலேர்ந்து ஏழெட்டு தடவை போயிட்டான். தண்ணி கொடுத்தா இன்னும் போகுதேன்னு நிறுத்திட்டோம்..."

தஞ்சாவூர்ப் பக்கம் பல தாய்மார்கள் சொல்லும் வார்த்தை இது. பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், ஆபத்தே அங்கேதான் இருக்கிறது! வாந்திபேதியில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது, உடம்பை விட்டு ஓடிப்போகும் நீரும் உப்பும்தான். போவதை ஈடுகட்டிவிட்டால் பிழைக்க வைத்துவிடலாம்.

காலரா எல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலையில், நம் காவிரியின் கடைமடையான காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குக் காலரா உறுதியானது. பொது சுகாதார அவசர நிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு லீவு விட்டார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. குழாய்களைச் சரிசெய்து, குளோரின் போட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி நோயை அடக்கினார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

காலரா கிருமி குடலுக்குள் ஒரு நச்சைக் கக்குகிறது. குடல், மடை திறந்த வாய்க்கால் மாதிரி நீரை வெளியே கொட்டுகிறது. அரிசி கழுவின தண்ணீர் போலப் பேதியாகும். சிகிச்சை இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

ஆனால், ஒரு வாசலை மட்டும் அந்தக் கிருமியால் அடைக்க முடியாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து வந்தால், குடல் இரண்டையும் உள்ளே இழுக்கும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். ஓ.ஆர்.எஸ். கரைசலின் சூட்சுமம் இவ்வளவுதான்!

1971-ல் வங்க எல்லையில் உள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் யார்? உங்களையும் என்னையும் போன்ற குடும்பத்தார்தான்.

வீட்டில் என்ன செய்வது?

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

* பாக்கெட் கிடைக்கவில்லையா? காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதற்கு மேல் கூட்டாதீர்கள்.

* ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் இருந்தால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் வேண்டிய மட்டும் குடிக்கலாம்.

* வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கலர் சோடா, கூல் டிரிங்ஸ் வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை பேதியைக் கூட்டும்.

நெல் விளையும் ஊரில் கஞ்சிக்கா பஞ்சம்? நீர்க்கக் காய்ச்சிய ஒரு லிட்டர் அரிசிக் கஞ்சியில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொடுப்பதும் நல்லதே.

"நீங்க சித்த வைத்தியராச்சே, மருந்து எதுவும் சொல்லலியே?" என்று கேட்கலாம். மாதுளம் ஓட்டுக் குடிநீர் போன்றவை எங்களிடம் உண்டு. ஆனால் காலரா என்று சந்தேகம் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரமில்லை. பேதியைக் கட்டும் மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

அரிசி கழுவின தண்ணீர் போலப் பேதி, குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புதல், மயக்கம், குடிக்கவே முடியாத நிலை, மலத்தில் ரத்தம்... ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். குடிக்க முடிந்தால் போகிற வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். அங்கே டிரிப்ஸ் ஏற்றுவார்கள். குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரையும் தருவார்கள்.

வராமல் தடுக்க...

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பில் இருக்கட்டும். மூடி வைத்து, கை படாமல் நீளக் கரண்டியால் மொண்டு எடுங்கள். கக்கூஸ் போய் வந்தாலும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அதில் வாய் கொப்பளிக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் கலங்கியோ நாற்றமடித்தோ வந்தால் உடனே நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் வாந்திபேதி என்றால் ஒதுங்கிப் போகாதீர்கள். அருகில் உட்கார்ந்து பேசுவதால் இது தொற்றாது. உதவி செய்துவிட்டுக் கையைக் கழுவினால் போதும். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால், காலராவிலும் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கே இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வையுங்கள்!