பசி எங்கிருந்து புறப்படுகிறது?

வயிறு நிறைந்த சுண்டெலி ஒன்று பகல் ஓய்வில் கிடக்கிறது. அதன் தலையில் மெல்லிய ஒளியிழை பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் வழியே நீல ஒளி மூளைக்குள் பாய்ந்த சில நிமிடங்களில், நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுபோல் எலி ஆவேசமாகத் தின்னத் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்தில் ஸ்காட் ஸ்டெர்ன்சன் குழுவினர் செய்து 2011இல் வெளியிட்ட சோதனை இது. அந்த எலியை எழுப்ப 800 நரம்புச் செல்களே போதுமாக இருந்தன.

பசி வயிற்றைக் கிள்ளுகிறது என்கிறோம். ஆனால் அது உருவாகும் இடம் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இந்திய உடலியங்கியல் அறிஞர் பி.கே. ஆனந்த், ஜான் புரோபெக்குடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். ஹைப்போதலாமஸின் இரு பக்கவாட்டுப் பகுதிகளையும் சிதைத்ததும், எலிகள் எதிரே உணவு இருந்தும் தொடவில்லை. ஆனந்த் பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பியவர்.

ஒரே இருக்கை, இரு போட்டியாளர்கள்

நரம்புச் செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லச் சுரக்கும் சிறு புரதத் துண்டுகளே நியூரோபெப்டைடுகள். ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் எதிரெதிர் வேலை செய்யும் இரு வகைச் செல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ‘போதும்’ என்ற சேதிக்குரிய பெப்டைடு ஆல்ஃபா எம்எஸ்ஹெச். அது எம்சி4ஆர் என்ற ஏற்பியில் போய் அமர்ந்தால் பசி அடங்கும். மற்ற வகைதான் பசிச் செல்கள்; நீல ஒளி தூண்டியது இவற்றைத்தான். இவை சுரக்கும் பசியைத் தூண்டும் பெப்டைடான ஏஜிஆர்பி, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல், அந்த ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது.

பசிச் சேதியின் பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு வழியே பின்னோக்கி ஏறும். ஆய்வாளர்கள் அதன் வீரியத்தைக் குறைத்து, ஒரே ஒரு இணைப்பைத் தாண்டியதும் நின்றுவிடும்படி மாற்றினார்கள். ஒரு செல்லில் அதைச் செலுத்தினால், அந்தச் செல்லுக்குச் சேதி அனுப்பும் செல்களெல்லாம் ஒளிர்ந்து தங்களைக் காட்டிக்கொடுக்கும். இப்படித்தான் பசிச் செல்களை உசுப்பிவிடும் செல்கள் ஹைப்போதலாமஸின் இன்னொரு மூலையில் இருப்பது 2014இல் தெரியவந்தது. மூளைத்தண்டில் உள்ள வேறொரு செல்கூட்டம் பசியை அணைக்கிறது. நோயால் சாப்பிடாமல் கிடந்த எலிகளில் அதைச் செயலிழக்கச் செய்தபோது, அவை ஓரளவு சாப்பிடத் தொடங்கின.

2015இல் ஒரு புதிர் முளைத்தது. கலிஃபோர்னியாவில் சக்கரி நைட் குழுவினர் பசித்த எலியின் முன் உணவை வைத்தார்கள். முதல் வாய் தின்பதற்கு முன்பே, உணவைக் கண்ட சில நொடிகளில் பசிச் செல்கள் ஓய்ந்துவிட்டன. பிறகு எலியைத் தின்ன வைப்பது எது? 2019இல் அதே குழு கண்ட விடை: பசிச் செல்கள் சுரக்கும் நியூரோபெப்டைடு ஒய். 36 அமினோ அமிலங்கள் கோத்த இந்தப் பெப்டைடு 1982இல் ஸ்வீடனில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. செல் ஓய்ந்த பிறகும் அது சொன்ன சேதி நெடுநேரம் நீடிக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாக இருப்பதைப்போல.

மனிதர்களுக்கு என்ன பயன்?

எம்சி4ஆர் மரபணுவில் பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பசி அடங்குவதே இல்லை என்பது 1998 முதல் தெரியும். ஆல்ஃபா எம்எஸ்ஹெச் உருவாகும் வழியே தொடக்கத்தில் அடைபட்டுப் போன அரிய நோயாளிகளும் உண்டு. இந்த இரண்டாம் வகை நோயாளிகளுக்கு அதே ஏற்பியில் அமரும் செட்மெலனோடைட் மருந்தை 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. பாதை தெரிந்ததால்தான் மருந்தை எங்கே அனுப்புவது என்பதும் தெரிந்தது.

உடல் பருத்த பிள்ளையைப் பார்த்து, “வாயைக் கட்டக் கூடாதா?” என்று கேட்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். எல்லாப் பருமனுக்கும் மரபணு காரணமில்லைதான். ஆனாலும் அப்படிக் கேட்கும் முன் அந்தச் சுண்டெலியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். ஒளி பாய்ந்ததால் தின்ற அதைப் பெருந்தீனிக்காரி என்று யாரும் திட்டவில்லை. ஒளி போய்த் தொட்ட செல்களைத்தான் ஆராய்ந்தார்கள்.