கடை ஷட்டர் கனக்கிறதா? ஸ்பிரிங் மாற்றும் முன் அளவு பாருங்கள்

காலையில் அஞ்சடியில் நின்று கவனித்தால் போதும். ஷட்டர் ஏறும் சத்தத்திலேயே அந்தக் கடையின் ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கையால் தள்ளியதும் கடகடவென்று ஏறினால் கவலையில்லை. பூக்கடை அக்கா தோளைக் கொடுத்து முக்கி, பக்கத்து முடிதிருத்தும் கடைத் தம்பியையும் கூப்பிட வேண்டியிருந்தால், மேலே உருளைக்குள் ஏதோ தளர்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது.

ஷட்டர் இறங்கும்போது அதன் பாரமே மேலே உள்ள ஸ்பிரிங்கை முறுக்கி வைக்கிறது. மறுநாள் அந்த முறுக்கு அவிழும் பலத்தில்தான் ஷட்டர் ஏறுகிறது. மூடியிருக்கும்போது முழுப் பாரமும் தொங்கும். முறுக்கும் அப்போது உச்சத்தில் இருக்கும். ஏற ஏறத் தகடுகள் உருளையில் சுற்றிக்கொள்வதால் தொங்கும் பாரம் குறையும், முறுக்கும் கூடவே குறையும். மோட்டார் சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் மூடிய டிரெய்லர்களின் பின்பக்கச் சாய்வுக் கதவிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது.

ஷட்டர் கனத்தால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். இரு பக்கத் தடங்களிலும் மண் அடைந்திருக்கலாம், ஏதாவது ஒரு தகடு நெளிந்திருக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்ததைப் போன்ற வெள்ளம் புகுந்த கடைகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் இருப்பது உச்சியில். சேறு இறங்குவது கீழே உள்ள தடத்தில். தடத்தைச் சுத்தம் செய்தபின் ஷட்டரை இடுப்பளவு உயர்த்தி, மெதுவாகக் கையைத் தளர்த்திப் பாருங்கள். கையை முழுதாக எடுக்க வேண்டாம், காலையும் அடியில் வைக்க வேண்டாம். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இழுத்தால் வலு போதவில்லை. தானாக மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம்.

மாற்றத்தான் வேண்டும் என்றானபின் நம்மவர்கள் செய்வது ஒன்றுதான். "அண்ணே, பழையது மாதிரியே ஒன்னு போட்டுடுங்க!" பழையது மாதிரி என்றால் என்ன? பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் வேலையில் வெகுதூரம் வேறுபடும். காரணம், கம்பியின் தடிமன். சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதபோது, வலு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடும். 6 மி.மீ. கம்பிக்குப் பதில் 6.5 மி.மீ. போட்டால் வலு ஏறக்குறைய 38 விழுக்காடு கூடிவிடும். 5.5 மி.மீ. போட்டால் 30 விழுக்காடு குறையும். அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. உடைந்த ஸ்பிரிங்கைக் கழற்றியதும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் 20 சுற்றுகளின் நீளத்தை அளந்து 20-ஆல் வகுக்க வேண்டும். 120 மி.மீ. வந்தால் கம்பி 6 மி.மீ. அடுத்தது உள்விட்டம். பிறகு மொத்த நீளம். உடைந்த துண்டுகள் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். கடைசியாகத் திசை. ஸ்பிரிங்கை நிமிர்த்தி வைத்தால், முன்பக்கச் சுற்றுகள் வலப்புறமாக ஏறுகின்றனவா, இடப்புறமாகவா என்று தெரியும். திசை மாறியதைப் பூட்டினால் இறுக வேண்டிய நேரத்தில் அது விரியும். சில ஷட்டர்களில் கடிகாரத்துக்குள் இருப்பதைப் போன்ற பட்டைத் தகட்டுச் சுருள் இருக்கும். அதற்குத் தகட்டின் அகலமும் தடிமனும் கணக்கு.

நீளமான ஸ்பிரிங் என்றால் வலு அதிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது தலைகீழ். அதே கம்பி, அதே விட்டம் என்றால் நீளமானதுதான் மென்மையானது. உடைந்ததில் பெரிய துண்டை எடுத்து, நுனியை வளைத்து மறுபடி மாட்டிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. மலிவுதான். ஆனால் சுற்றுகள் குறைந்த துண்டு, அதே பாரத்துக்கு முன்பைவிடக் கடுமையாக முறுக்கப்படும். சீக்கிரமே மறுபடி உடையும். தளர்ந்த ஸ்பிரிங்கை இன்னும் இரண்டு சுற்று முறுக்கிவிட்டுப் போவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

கடையைப் புதுப்பித்தவர்கள் பழைய அளவையும் நம்ப வேண்டாம். தகட்டை மாற்றியிருந்தால், அடியில் கனமான சட்டம் சேர்த்திருந்தால், பாரம் மாறியிருக்கும். 1 மி.மீ. தடிமனுள்ள உருக்குத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 10 அடிக்கு 10 அடி ஷட்டர் 9 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். தட்டையான தகடே 70 கிலோவைத் தாண்டும். கொக்கி வளைவுகளும் அடிச்சட்டமும் அதற்கு மேல். இதில் 30 விழுக்காடு வலு குறைந்த ஸ்பிரிங் என்றால், 20 கிலோவுக்கு மேல் தினமும் உங்கள் முதுகில்.

ஆயுளும் உபயோகத்தைப் பொறுத்ததே. வீட்டு கராஜ் கதவு ஸ்பிரிங்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 10,000 முறை. ஒருமுறை திறந்து மூடினால் ஒன்று. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், நாளுக்கு ஒருமுறை மூடும் மளிகைக் கடைக்கு 27 ஆண்டு. எட்டு முறை ஏற்றி இறக்கும் பட்டறைக்கு மூன்றரை ஆண்டுகூட இல்லை. கடலோரக் காற்றில் துருப் பிடித்தால் அதற்கும் முன்பே கம்பியில் விரிசல் விழும். ஓர் உருளையில் மூன்று ஸ்பிரிங்குகள் இருந்து ஒன்று உடைந்தால், மற்ற இரண்டும் அதே அளவு உழைத்தவைதாம். மூன்றையும் சேர்த்து மாற்றுவதே என் வரையில் சிக்கனம். ஏணி ஏறும் கூலி ஒருமுறையோடு முடிகிறது.

"ஸ்பிரிங் எதற்கு, மோட்டார் போட்டுவிடலாமே" என்று ஒரு யோசனை வரும். முழுப் பாரத்தையும் தானே தூக்கும் மோட்டார்கள் உண்டு. ஸ்பிரிங்கின் துணையோடு மட்டுமே தூக்கக்கூடியவையும் உண்டு. இரண்டாம் வகையை உடைந்த ஸ்பிரிங்கோடு ஓட்டினால் மோட்டார் சூடேறிப் புகையும். எந்த வகை என்று கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளை ஏணியில் ஏற்றிச் செய்யாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கையிலிருக்கும் குழாய்ச் சாவியைச் சுழற்றி அடித்தால் மணிக்கட்டு உடையும், முகம் கிழியும். முறுக்கை அவிழ்ப்பதும் ஏற்றுவதும் அந்தத் தொழில் தெரிந்தவரின் வேலை. நீங்கள் கீழே நின்று அளவைக் குறித்துக்கொள்ளலாம். பழைய துண்டுகளை அவர் எடுத்துச் செல்லும் முன் கேட்டு வாங்கலாம். பில்லில் "ஸ்பிரிங் 1" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். கம்பித் தடிமன், உள்விட்டம், நீளம், திசை, தேதி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். அந்தத் தாளைப் படமெடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வார நெரிசலில் ஷட்டர் மக்கர் செய்தால், கழற்றிப் பார்க்கும் முன்பே சரியான ஸ்பிரிங்கைக் கொண்டுவரச் சொல்லலாம்.