புண் ஆறுதலும் மிகைத்திசு வளர்ச்சியும்: திருத்தணி நேர்த்திக்கடன் மரபை முன்வைத்து

முன்னுரை

முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகையன்று தமிழகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலத்து அடியவரும் காவடி எடுத்து வருகின்றனர். சிலர் அலகு குத்திக்கொள்வர்; குழந்தைகளுக்குக் காது குத்துவதும் உண்டு. இத்துளைகள் பெரும்பாலும் இடரின்றி ஆறுகின்றன. சிலருக்கு மட்டும் திசு மிகுந்து வளர்கிறது. இவ்வளர்ச்சி ஒரே தன்மையது அன்று. வகையறிந்தே பேணவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புண் ஆறும் முறை

குருதி உறைந்து அழற்சி தணியும்போது, நுண்குருதிக் குழாய்களும் நாரிழைச் செல்களும் கொண்ட சிவந்த துகள்திசு புண்ணை நிரப்புகிறது. அதன்மேல் தோல் படர்ந்து புண் மூடுகிறது. உள்ளே கொலாஜன் இழைகள் உருவாதலும் சிதைதலும் ஓராண்டோ அதற்கு மேலோ தொடரும். இவற்றின் சமநிலை குலையும்போது தழும்பு தடிக்கிறது.

மிகைவளர்ச்சியின் மூவகை

1. மிகைத் துகள்திசு: மூடாத புண்ணில் தோல் மட்டத்திற்கு மேல் எழுவது, ஈரமாயிருக்கும், எளிதில் குருதி கசியும். உராய்வு, தொற்று, அயற்பொருள், மிகை ஈரம் ஆகியன காரணங்களாகும்.

2. மிகைவளர் தழும்பு: சில வாரங்களில் தடித்து, புண்ணின் எல்லைக்குள் நின்று, நாளடைவில் தணிவது.

3. கெலாய்டு: புண்ணின் எல்லையைக் கடந்து பரவுவது, பல மாதங்கள் கழித்தும் தோன்றும், தானே மறைவது அரிது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி, பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயரை வழங்கினார்.

இடமும் வயதும்

நாக்கு, உட்கன்னம் ஆகியவற்றின் சளிச்சவ்வு குறைந்த தழும்புடன் ஆறும். மார்பு, தோள், மேல்முதுகு, காதுமடல் ஆகியன கெலாய்டுக்கு உரிய இடங்கள். ஆகவே நாவில் குத்தும் அலகைவிட, முதுகிலும் மார்பிலும் மாட்டும் கொக்கிகளே இவ்வகையில் கூடுதல் இடர் தருவன. கெலாய்டு 10 முதல் 30 வயதுவரை மிகுதியாகத் தோன்றுகிறது. 11 வயதிலோ அதன் பின்னரோ காது குத்திக்கொண்டோரிடம் கெலாய்டு மிகுதி என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மழலைப் பருவத்தில் காது குத்தும் தமிழர் வழக்கம் இவ்வகையில் கருதத்தக்கது.

பேணும் முறை

தூய ஊசியும் தூய கையும் முதற்காப்பு. ஏற்பு ஊசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். திருநீறு, மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைத் திறந்த புண்ணில் இடுதல் தகாது. அவை அயற்பொருளாய் நின்று அழற்சியை வளர்க்கும்.

மிகைத் துகள்திசுவிற்குக் காரணத்தை நீக்குதலே முதன்மை. தேவையெனில் மருத்துவர் வெள்ளி நைட்ரேட்டோ ஸ்டீராய்டு களிம்போ இடுவார். மிகைவளர் தழும்பிற்குத் தோல் மூடியபின் சிலிகோன் தகட்டை நாள்தோறும் 12 மணி நேரத்திற்குக் குறையாமல் சில மாதங்கள் அணிதல் பயன்தரும். கெலாய்டுக்கு அழுத்தக் காதணி, தழும்பினுள் செலுத்தும் டிரையாம்சினலோன் ஊசி ஆகியன பயன்படுகின்றன. கெலாய்டை வெறுமனே வெட்டியெடுத்தால், பாதிப் பேருக்கு மேலானோரிடம் அது மீண்டும், சிலரிடம் முன்னிலும் பெரிதாக, வளரக்கூடும். ஆதலின் அறுவையுடன் ஊசியோ கதிர்மருத்துவமோ இணைக்கப்படுகிறது. நெடுநாள் ஆறாது குருதி கசியும் வளர்ச்சியில் புற்று உள்ளதா எனத் திசு ஆய்வு செய்தல் இன்றியமையாதது.

முடிவுரை

தனக்கோ குடும்பத்தார்க்கோ கெலாய்டு உள்ளவர் அலகு குத்தாது, பால்காவடியோ பூக்காவடியோ எடுத்து நேர்த்திக்கடன் செலுத்தலாம். மரபு தரும் இத்தெரிவே அத்தகையோர்க்குச் சிறந்த தடுப்பு மருத்துவம் எனலாம்.